வால் ஒன்றுக்குப் பத்துச் சிலிங்: சாமுவேல் பேக்கரும் அவருடைய துவக்குகளும்

சில வருடங்களுக்கு முன்னர், யானை வேலி பற்றிய ஒரு கட்டுரைக்காக முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். தங்கியது பெரியப்பா வீட்டில். எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் அந்தப் பக்கத்தில் பெயர் சொன்னால் தெரிகிற வேட்டைக்காரர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வன்னிக்குப் போனபோது, எங்களுக்கு ஒரு கொட்டில் போட இடம் தந்தவரும் அவர்தான். அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வருடங்களில் எங்கள் சட்டியில் இறைச்சி கொதித்தது என்றால், அது அநேகமாக அவர் கொண்டுவந்த பன்றியாகவோ மரை வத்தலாகவோதான் இருக்கும்.

நான் தங்கிய முதல் இரவே யானைகள் பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள் இறங்கின. ஊர் முழுக்க எழும்பி, தகரம் தட்டி, யானை வெடி கொளுத்தித் துரத்தியது. சத்தம் அடங்கிய பிறகு முற்றத்தில் இருந்தபடி பெரியப்பா ஒரு கதை சொன்னார். ஒரு காலத்தில் யானையைச் சுட்டு வாலை வெட்டிக் கச்சேரியில் கொடுத்தால் வெள்ளைக்காரன் காசு கொடுத்தானாம். அவருடைய பாட்டன் சொல்லிக் கேட்டதாம்.

கட்டுக்கதை என்றே நினைத்தேன். யாழ்ப்பாணம் திரும்பியதும் பழைய நூல்களைத் தேடினேன். கதை உண்மை. அதைத் தேடிப் போன வழியில் சந்தித்த மனிதர்தான் சாமுவேல் வைட் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயர் தெரியும். அங்குள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை துவக்குகள் இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

பேக்கர் 1821 ஜூன் 8 அன்று இலண்டனில் பிறந்தார். தகப்பன் பெரும் வணிகர். ஜமேக்காவிலும் மொரிசியசிலும் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பணத்துக்குக் குறைவில்லாத வீட்டில் பிறந்த அந்தப் பையனுக்குப் படிப்பை விடத் துவக்கில்தான் நாட்டம். 1840இல், பத்தொன்பது வயதில், பிறிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துவக்குச் செய்பவரிடம் தன் சொந்தக் கணக்குப்படி ஒரு றைபிளைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். அதாவது ஒன்பதரைக் கிலோ. நான்கு அவுன்ஸ் நிறையுள்ள ஈயக் குண்டை அது தள்ளும். ஒரு வெடிக்கு ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் கருமருந்து.

இந்த எண்களை எங்கள் வாசகர்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். நாம் சந்திக்குச் சந்தி பார்த்து வளர்ந்த ரி-56 துவக்கு ஏறத்தாழ நான்கு கிலோ. அதன் ரவையின் முனை எட்டுக் கிராம் அளவில் இருக்கும். பேக்கரின் குண்டு 113 கிராம். பதினான்கு மடங்கு.

மொரிசியசில் குடும்பத் தோட்டத்தைச் சில காலம் பார்த்துக்கொண்டவர், வேட்டை ஆசையால் 1840களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்தார். தாழ்நிலக் காடுகளில் ஒரு வருடம் போல அலைந்து திரிந்தார். காட்டுக் காய்ச்சல் பிடித்தது. உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனவருக்கு அந்தக் குளிர் பிடித்துவிட்டது. இங்கிலாந்து திரும்பி, கப்பல் ஒன்றை ஒழுங்கு செய்து, குடியேற்றக்காரரையும் கொல்லனையும் மாடுகளையும் விதைகளையும் ஏற்றி, 1848இல் மறுபடி புறப்பட்டார். நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்குவதுதான் திட்டம். கொண்டுவந்த மாடுகள் பல நோயில் செத்தன. ஆனாலும் முயற்சியை விடவில்லை. இன்று எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் மலைநாட்டு லொறியிலிருந்து இறங்கும் கரட்டுக்கும் லீக்சுக்கும் பின்னால், அந்தக் குளிர் மண்ணில் சீமை மரக்கறியைப் பயிரிட்டுப் பார்த்த அவரைப் போன்றவர்களின் கையும் இருக்கிறது.

1855 வரை இந்த நாட்டில் இருந்தார். இலங்கை வேட்டை பற்றியும் தன் எட்டு வருட அலைச்சல் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைபேசியிலேயே படித்து முடித்தேன்.

அவற்றில் பேக்கர் ஓர் ஆசிரியரைப் போலப் பேசுகிறார். துவக்கைப் பற்றி அவருக்குத் தெளிவான, பிடிவாதமான கருத்துகள் இருந்தன. இலங்கையில் யானை வேட்டைக்கு அவர் வைத்திருந்த தொகுதி இது: நான்கு அவுன்ஸ் குண்டு போடும் 21 இறாத்தல் றைபிள் ஒன்று, இரண்டு அவுன்ஸ் குண்டு போடும் 16 இறாத்தல் றைபிள் ஒன்று, தலா 15 இறாத்தல் நிறையுள்ள இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு. பாரமான துவக்கு அதிகம் உதைக்காது, கை நடுங்காது, கூடிய மருந்தைத் தாங்கும் என்பது அவர் வாதம். சிறிய குண்டால் பெரிய மிருகத்தைச் சுடுவது அதைக் காயப்படுத்தி அலையவிடுவதுதான் என்பதும் அவர் நிலைப்பாடு. யானையை நெருங்கவிட்டு, சில பாகம் தூரத்தில் வைத்து நெற்றியில் சுடுவது அவர் முறை.

முதிய வயதில், 1890இல் வெளிவந்த நூலில், ரவையின் ஈயத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார். புலிக்கும் சிங்கத்துக்கும் மெதுவான, தூய ஈயத்தாலான திண்மக் குண்டு. தடித்த தோலுள்ள மிருகங்களுக்குக் கடினமாக்கிய ஈயம். உள்ளே குடைந்த குண்டு தசையிலேயே சிதறிவிடும், உயிர்நிலைக்குப் போய்ச் சேராது என்று அதை வெறுத்தார்.

இதைப் படித்தபோது பெரியப்பாவின் இடியன் துவக்கு நினைவுக்கு வந்தது. வன்னியில் பிறந்தவர்களுக்கு இடியனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குழல் வாயால் மருந்தைப் போட்டு, தும்பை வைத்து, கம்பியால் இடித்து, சன்னத்தைப் போட்டு, மறுபடி இடிக்க வேண்டும். இடிப்பதால் இடியன். இலங்கையில் பேக்கர் பாவித்த விலையுயர்ந்த றைபிள்களும் இதே இனம்தான். அவையும் வாயால் மருந்து இடிக்கும் துவக்குகள். வெடித்தால் மறுபடி நிரப்ப நேரமெடுக்கும்.

வித்தியாசம் ஒன்றுதான். பேக்கருக்குப் பின்னால் நிரப்பிய துவக்குகளை ஏந்திக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒன்று வெடித்ததும் அடுத்தது கைக்கு வரும். யானை திரும்பிப் பாயும் அந்த நொடியில், கையில் இருக்கும் துவக்கைச் சுடும் உரிமை இல்லாமல், அதை இன்னொருவருக்கு நீட்டுவதற்காகவே நிற்க வேண்டிய ஆட்கள் அவர்கள். அவர் நூல்களில் துவக்குச் செய்தவரின் பெயர் இருக்கிறது, கத்தி செய்தவரின் கடை இருக்கிறது, நாய்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. துவக்குத் தூக்கிய பெரும்பாலான மனிதர்கள் வெறும் கூலிகளாகவே கடந்துபோகிறார்கள். ஊடகக் கற்கை படித்த நாட்களில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிரதியிலும் யார் பேசுகிறார் என்பதோடு யார் பேசவில்லை என்பதையும் பார். இந்தப் பிரதியில் பேசாதவர்களைத் தேடிக் களைக்க வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பக்கம் சாமான் சுமக்கிறார்கள்.

அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. மலைநாட்டில் மரை வேட்டைக்குப் பெரும்பாலும் துவக்கே எடுத்துப் போகமாட்டார். நாய்க் கூட்டத்தோடு ஓடி, நீரோடையில் நாய்கள் மறித்து நிற்கும் மரையைக் கத்தியால் குத்தி வீழ்த்துவார். அந்தக் கத்தியும் அவர் கணக்குப்படி இலண்டனில் செய்வித்தது. அலகு ஒரு அடி நீளம், இரண்டு அங்குல அகலம், நிறை மூன்று இறாத்தல். கூடாரம், உடுப்பு, சாப்பாட்டுச் சாமான் என்று வேட்டைப் பயணத்துக்கு வேண்டியவற்றுக்கும் அதே கவனம். காட்டில் எது உடையும், எது நனையும் என்பதை அனுபவித்து அறிந்தவரின் எழுத்து அது. உபகரணத்தைப் பற்றி இத்தனை நேர்மையாக எழுதியவர்கள் குறைவு.

வில்லைப் பற்றி எழுதும்போதுதான் அவர் தடுமாறுகிறார். வேடரின் வில்வித்தையை அவர் மெச்சவில்லை. வில்லையே நம்பி வாழ்பவர்கள் இவ்வளவு மோசமாகக் குறி வைக்கிறார்களே என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். துவக்கின் அளவுகோல் தூரம். அதே கோலை அவர் வில்லுக்கும் வைத்தார். ஆனால் வேடரின் வித்தை தூரத்தில் இல்லை. காற்றின் திசை பார்த்து, காலடி கேட்காமல், மான் காதை அசைப்பது தெரியும் கிட்டத்துக்குப் போவதில் இருக்கிறது. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகம் இன்றும் வாழ்கிறது. அம்பு முனைக்கு வேண்டிய இரும்புக்காக, இரவில் கொல்லன் வாசலில் இறைச்சியையும், வேண்டிய வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போகும் வேடரைப் பற்றி 1681இலேயே றொபேட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். ஒரு அம்பு முனைக்கு அவ்வளவு பாடு இருந்தால், அதை நூறு யார் தூரத்துக்கு யார் வீணாக எய்வார்கள்?

பின்னாளில் சூடான் எல்லையில் ஹம்ரான் அராபியர் குதிரையில் போய் வெறும் வாளால் யானையின் பின்கால் நரம்பை வெட்டி வீழ்த்துவதைப் பார்த்து பேக்கர் வியந்துபோனார். மனிதத் துணிவை மதிக்கத் தெரியாதவர் அல்ல. ஆனால் பாய்ந்து செய்யும் துணிவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பதுங்கி வாழும் அறிவு தெரியவில்லை.

இப்போது வாலுக்கு வருவோம். ஒரு யானை வாலுக்கு அரசாங்கம் முன்பு பத்துச் சிலிங் கொடுத்ததாகவும், பிறகு சில மாவட்டங்களில் அதை ஏழாகக் குறைத்து, வேறு சிலவற்றில் நிறுத்திவிட்டதாகவும் பேக்கரே எழுதியிருக்கிறார். செத்த யானைகள் அவ்வளவு அதிகம், கொடுத்துக் கட்டவில்லை. அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் தரும் கணக்கு இன்னும் திகைக்க வைக்கிறது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000. மேஜர் றொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரியின் கணக்கில் ஆயிரத்துக்கு மேல். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

வட மாகாணம் என்றால் எங்கள் மாகாணம். பெரியப்பாவின் பாட்டன் சொன்ன கதை இந்தக் கணக்கின் ஒரு சிறு துண்டு.

அந்த யானைகளுக்கு அதற்கு முன்னர் வேறொரு விலை இருந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னியில் பிடித்த யானைகளைக் கடனீரேரி கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயர் அந்தப் பாதையின் அடையாளம். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான கயிற்ஸ், யானைத் துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். உயிரோடு விற்ற காலத்தில் யானைக்கு மதிப்பு. வயலுக்கும் தோட்டத்துக்கும் தொல்லை என்று தீர்மானித்த காலத்தில் வாலுக்கு மட்டும் மதிப்பு. இரண்டு விலையையும் தீர்மானித்தவர்கள் காட்டில் இருக்கவில்லை.

வெகுமதிக்குச் சொன்ன காரணம் பயிர்ச் சேதம். அந்தச் சேதம் உண்மைதான். ஆனால் தூர்ந்துபோன குளங்களையும் காடாகிப் போன வயல்களையும் பார்த்து, இங்கே ஒரு காலத்தில் பெருந்தொகை மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று பேக்கரே விளங்கிக்கொண்டார். பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி மதிப்போடு எழுதினார். குளம் உடைந்து மனிதர் போன இடத்துக்கு யானை வந்தது. மறுபடி மனிதர் வந்தபோது யானை எதிரியானது. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய வன்னிக் கிராமங்களில் நான் பார்த்ததும் இதே சங்கிலிதான். நாங்கள் முகாம்களில் இருந்த வருடங்களில் எங்கள் காணிகள் காடாகின. திரும்பி வந்தபோது யானை முன்னுக்கு நின்றது.

பேக்கரின் மீதி வாழ்க்கை இலங்கைக்கு வெளியே. 1855இல் நாடு திரும்பிய அதே வருடம் மனைவி ஹென்றியட்டா காய்ச்சலில் இறந்தார். 1859இல் தன்யூப் நதிக்கரையில் விடின் நகரின் அடிமைச் சந்தையில் புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணைக் கண்டு மீட்டார். பிறகு அவரையே மணந்தார். இருவருமாக நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய் 1864 மார்ச்சில் அல்பேட் ஏரியை அடைந்தார்கள். 1866இல் சேர் பட்டம். அந்தப் பயணங்களில் அரை இறாத்தல் வெடிகுண்டு போடும் ஒரு றைபிளும் இருந்தது. அராபியர் அதைப் பீரங்கியின் பிள்ளை என்று அழைத்தார்கள். அதன் உதைப்புக்கு அவரே பயந்து அரிதாகத்தான் சுட்டார். இலங்கையில் தப்பாத நெற்றிச்சூடு ஆபிரிக்க யானையிடம் பலிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.

1869இல் எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில் அவரை மேல் நைல் பகுதிக்கு ஆளுநராக்கினார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பது நோக்கம். அடிமைச் சந்தையில் மனைவியைக் கண்டெடுத்தவருக்கு அது வெறும் உத்தியோகமாக இருந்திருக்காது. ஆனால் 1872இல், இன்றைய உகண்டாவிலுள்ள புன்யோரோ இராச்சியத்தைத் தன்னிச்சையாக எகிப்தோடு இணைத்து அறிவித்தார். மன்னன் கபரேகாவின் மக்கள் எதிர்த்தார்கள். மசிந்தியில் சண்டை மூண்டது. ஸ்னைடர் றைபிள் ஏந்திய அவருடைய மெய்க்காவலர் ஈட்டி ஏந்திய மக்கள்மேல் சுட்டார்கள். கிராமங்கள் எரிந்தன. கடைசியில் தன் சொந்தத் தளத்துக்கும் தீ வைத்துவிட்டு, பின்வாங்கும் பாதை முழுக்கத் தாக்குதலுக்கு உள்ளாகித்தான் தப்பினார். இலண்டனுக்கு அவர் விடுதலை தந்தவர். புன்யோரோவுக்கு ஊரை எரித்தவர்.

அந்தப் பகுதியில் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது. ஆயுதத்தின் நிறை, தூரம், வலு எல்லாம் தெரிந்த ஒரு கை, அதை யார் நெஞ்சுக்கு நேரே பிடிக்கலாம் என்ற கேள்வியை எங்கோ வழியில் தொலைத்துவிட்டது. ஒரு நிலத்தை வெற்றுக் காடு என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அங்கே வாழ்பவரும் காட்டின் பகுதியாகத் தெரிவது பெரிய தூரம் அல்ல. முப்பது வருடம் பல தரப்புத் துவக்குகளுக்கு நடுவில் வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1893 டிசெம்பர் 30 அன்று இங்கிலாந்தின் நியூட்டன் அபட் ஊரிலுள்ள தன் வீட்டில் பேக்கர் இறந்தார். வயது 72.

இதையெல்லாம் வாசித்த பிறகு பெரியப்பாவிடம் மறுபடி போனேன். பேக்கரின் துவக்குகளைப் பற்றிச் சொன்னபோது கவனமாகக் கேட்டார். நிறை விளங்கியது, மருந்தின் அளவு விளங்கியது. ஆறு துவக்கு எதற்கு என்பது மட்டும் விளங்கவில்லை. ஒரு வெடிதான் இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக யோசிக்கும் என்பது அவர் கருத்து. குட்டியோடு நிற்பதைச் சுடுவதில்லை, கோடையில் தண்ணீர் குடிக்க வருவதைச் சுடுவதில்லை என்று சில ஒழுங்குகள் அவருக்கு இருந்தன.

அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. அவரும் விரும்பவில்லை. பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்த காலத்தை அன்று அவராகவே சொன்னார். ஒரு விடியற்காலையில், விறகுக்குப் போன ஊரவர் ஒருவரின் கால் அந்தக் கம்பியில் பட்டது. ஆள் உயிர் தப்பினார். முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன் பிறகு அவர் கட்டுத்துவக்கு வைக்கவில்லை. அந்த மனிதரின் வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் நெல் கொடுத்திருக்கிறார். பேக்கரின் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒன்றை அன்று கேட்டேன். தன் ஆயுதம் செய்த பிழைக்குக் கணக்குக் கொடுக்கும் ஒரு வேட்டைக்காரனின் குரல்.

இலங்கையில் 1937 முதல் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். துவக்குச் சூடு, மின்சாரக் கம்பி, தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடி. பயிரை அழிக்கும் மிருகங்களைச் சுட எங்களுக்கு அனுமதி தா, துவக்குத் தா என்ற குரல் மறுபடி கேட்கிறது. ஒரு இரவில் வருடத்து உழைப்பை இழந்த கமக்காரனின் கோபத்தை நான் நேரில் பார்த்தேன். அதைப் பிழை என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் வாலுக்குக் காசு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. 3,500 வால்கள் போன பிறகும் அந்த இரவில் பெரியப்பா ஊரில் தகரம் தட்டத்தான் வேண்டியிருந்தது. குளத்தைத் திருத்துவதும், யானை போகும் பாதையை விட்டுக் குடியேற்றம் அமைப்பதும், வேலியைப் பராமரிக்க ஆள் போடுவதும் துவக்குக் கொடுப்பதை விடக் கடினம். அதனால்தான் அவை நடப்பதில்லை.

திரும்பி வரும்போது பேருந்து ஆனையிறவில் நின்றது. பக்கத்து ஆசனத்தில் இருந்த சின்னப் பிள்ளை, இங்கே யானை எங்கே என்று தாயிடம் கேட்டது. முன்னொரு காலத்தில் இந்த வழியால் போனது என்று மட்டும் தாய் சொன்னா.